லயத்துக்கு வந்த ஃபோர்ஜி

மற்றக் கம்பெனிகள் ஃபைவ்ஜி பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சின்னக் கம்பெனி தெரணியகலைப் பக்கமுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஃபோர்ஜி கொடுத்தது. அதுவரை போன் பேச எல்லோரும் கோயில் பாறையில்தான் ஏறினோம்.

எஸ்தர் அன்றே, மாமியார் குளிக்கப் போன நேரம், லயத்து வரிசையில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்தபடி கட்டாரிலிருக்கும் கணவனை வீடியோவில் கூப்பிட்டாள். முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஒங்கம்மா தொட்டதுக்கெல்லாம் சண்ட பிடிக்கிறாங்க. நான் என்னங்க செய்ய?"

அவன் வாயைத் திறப்பதற்குள், கூரைவரை எட்டாத தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து விஜயகலா பதில் சொன்னாள்.

"ஒன் மேலயும் தப்பு இருக்கு எஸ்தரு."

அதற்கடுத்த காம்பராவிலிருந்தும் "ஆமா" என்று கேட்டது.

மறுநாள் எஸ்தர் பாறைக்கே போனாள். அங்கே கால் வைக்க இடமில்லை. லயமே போனும் கையுமாக நின்றது. முதல் ஆள் விஜயகலா.