மூன்றாவது டப்பா

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் பரிசோதனைக்கூடத்தில் மலத்தைப் பரிசோதிப்பது என் வேலை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வயிறு கலங்கினால் அவர்களும் என்னிடம்தான் வரவேண்டும்.

போன வாரம் வாசலில் வந்து நின்றவன் ஜெரால்ட். ஃபீனிக்ஸ் பே பகுதியில் அவனும் மனைவி கேத்தரினும் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அங்கே சாப்பிட்ட புனேக்காரர் ஒருவருக்கு மறுநாளே வயிற்றுப்போக்கு. புகார் போய்விட்டது. ரிப்போர்ட் வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார்.

"அக்கா, ஈ.கோலி வந்திருக்காம்லா? கடை கதம்தானா?" அழாத குறையாகக் கேட்டான்.

"அது உன் வயித்துலயும் இருக்கு, என் வயித்துலயும் இருக்கு. சும்மா பேரக் கேட்டே பயப்படாத. போய் உக்காரு."

சிடுசிடுத்தேனே தவிர எனக்கும் கவலைதான். காலரா, சீதபேதிக் கிருமிகள் எதுவும் வளரவில்லை. நுண்ணோக்கியிலும் இரண்டு நாளாக ஒன்றும் தென்படவில்லை. அதுவே விடுதலை என்று ஜெரால்ட் நினைத்தான். ஆய்வாளரோ, காரணம் தெரியாதவரை சந்தேகம் கடை மேல்தான் என்றார். சில ஒட்டுண்ணிகள் ஒரு நாள் தலைகாட்டும், ஒரு நாள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் மூன்று நாள் மாதிரி கேட்போம். இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? கொஞ்சம் தேறியதும் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிடுவார்கள்.

புனேக்காரரும் மூன்றாவது மாதிரியைக் கொடுக்காமலே எடுத்திருந்தார். கடைக்காரன் கையில் மாதிரியை நம்பிக் கொடுக்க முடியாது. காலையில் டப்பாவோடு நானே கப்பல்துறைக்குப் போனேன். எனக்கு முன்பே ஜெரால்ட் அங்கே வந்து நின்றான். தன் மேல் புகார் கொடுத்தவரையே கைகூப்பி, "சாப், ஏக் பார் அவுர்", இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. புனேக்காரர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, டப்பாவை வாங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

மதியம் நுண்ணோக்கியில் ஜியார்டியா தெரிந்தது. அசுத்தத் தண்ணீரில் வரும் ஒட்டுண்ணி. உள்ளே போய் வயிற்றைக் கலக்க ஒரு வாரமாவது ஆகும். அவரோ புகார் கொடுப்பதற்கு முந்தின நாள்தான் தீவில் இறங்கியிருந்தார். மெயின்லேண்டிலிருந்தே வயிற்றில் கொண்டுவந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வாளருக்கு நானே போன் போட்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் சாப்பிடப் போனேன். விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் நான் எழுதிய மல ரிப்போர்ட்டின் நகல் ஒட்டியிருந்தது. நோயாளியின் பெயரை மட்டும் பேனாவால் அடித்திருந்தான்.

"சாப்பிடற இடத்துல இதையாடா ஒட்டுவ? முதல்ல கிழி அத."

ஜெரால்ட் குழம்பை ஊற்றிக்கொண்டே, அடுப்படியில் நின்ற மனைவியைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினான். "அஞ்சு நாளா எல்லாரும் இவ கையையே பாத்தாவக்கா. ஜெபக்கூட்டத்துல இவ போட்ட டீய ஒருத்தரும் தொடல. ரெண்டு நாளைக்கு இதப் பாக்கட்டும்."

அடுப்படியில் கேத்தரின் தலை நிமிராமல் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இலையில் சோறு இன்னும் மீதி இருந்தது. ஆனாலும் அவளைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.