கறுத்த கண்ணாடிக்குள் வந்த வெயில்

கணினித் திரையில் தெரிவது தன் கண்தான் என்பதைச் சகாயராஜால் நம்ப முடியவில்லை. மூக்கோரத்திலிருந்து சிவந்த நரம்போடிய சதையொன்று கிளம்பி, வெள்ளை விழியைத் தாண்டி, கருவிழி மேல் ஏறி நின்றது.

“இது என் கண்ணா டாக்டர்?”

“உங்க வலது கண்ணுதானுங்கண்ணா,” என்றார் டாக்டர் தமிழ்மதி. “சதை வளந்திருக்குதுங்க. இன்னும் கொஞ்சம் நகந்தா பார்வையை மறைச்சிரும்.”

சகாயராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவன். பல வருடங்களாகப் பனியன் கம்பெனிகளின் கூரைகளில் சோலார் பேனல் மாட்டுவதுதான் தொழில். மேலே சூரியன், கீழே தகரமும் பேனல்களும் திருப்பி அடிக்கும் வெயில். கண் உறுத்தும், சிவக்கும். தூசி என்றே விட்டுவிட்டான். மனைவி ஆஷா தைக்கும் கம்பெனியில் கண் முகாம் என்றதும், அவள்தான் பிடிவாதமாக இழுத்து வந்தாள்.

“எதனால இப்படி?”

“வருசக்கணக்கா கண்ணுல விழுந்த வெயிலுங்க. காத்தும் தூசியும் கூடச் சேந்துக்கும்.”

“வெயிலா? கண்ணாடி மாட்டாம நான் கூரை ஏறுனதே கிடையாதே!” சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தான். பல்லடம் பஸ் ஸ்டாண்டு ஓரம் வாங்கியது. “எம்புட்டுக் கறுப்புன்னு நீங்களே பாருங்க.”

டாக்டர் சிறிய டார்ச் ஒன்றை எடுத்தார். வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் புற ஊதாக் கதிர் அதில் வரும் என்றார். மேசையில் கிடந்த புது வெள்ளைப் பனியன் மேல் அடித்ததும் துணி நீலமாக ஜொலித்தது. குறுக்கே தன்னுடைய வெயில் கண்ணாடியைப் பிடித்தார். ஜொலிப்பு அணைந்தது. பிறகு சகாயராஜின் கண்ணாடியைப் பிடித்தார். துணி ஜொலித்துக்கொண்டே இருந்தது.

“கறுப்பு, வெளிச்சத்தைத்தான் குறைக்குதுங்க. இருட்டுன்னு நெனச்சுக் கண்ணு பாப்பா விரிஞ்சுக்கும். இந்தக் கதிர் தாராளமா உள்ள போகும்.”

ஆஷா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, ஜெபிஷா!”

ஐந்து வயது மகள் ஜெபிஷாவுக்கும் சகாயராஜ் அதே கடையில்தான், ரோஸ் கலர் பிரேமில் வாங்கித் தந்திருந்தான். தூங்கும்போது மட்டும் கழற்றுகிற பிள்ளை.

“என் கையாலயே மாட்டி விட்டனே ஆஷா...”

“பாப்பாவக் கூட்டிட்டு வாங்கக்கா, பாத்துடலாம்,” என்றார் டாக்டர்.

ஆஷா வீட்டுக்கு ஓடினாள். சகாயராஜ் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை விட்டான். நிழலே இல்லாத சுவரோரம், கண்ணாடிகள் செருகிய பலகைக்குப் பக்கத்தில் அவற்றை விற்ற நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

“என்னத்தவே வித்தீரு? என் கண்ணு போச்சுவே!”

“ஏனுங்க சாமி, என்னாச்சுங்க?” சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றினார் அவர்.

சகாயராஜ் விக்கித்து நின்றான். இரண்டு கண்ணிலும் அதே சதை. இடது கண்ணில் அது கருவிழியை முக்கால்வாசி விழுங்கியிருந்தது.

“மங்கலாத்தானுங்க தெரியுது. வயசாச்சுன்னு உட்டுட்டனுங்க. வெயில் தாங்கலீங்க, அதான் இருக்கறதுலயே கறுப்பானதா பாத்துப் போட்டுக்கறது.”

சகாயராஜே பலகையை மடக்கினான். “ஏறும் வண்டியில,” என்றான்.

முகாமில் ஜெபிஷாவின் கண்களை டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார். “பாப்பாக்கு ஒன்னுமில்லீங்க. இனி இந்தக் கதிரைத் தடுக்கும்னு முத்திரை போட்ட நல்ல கண்ணாடியாப் பாத்து வாங்குங்க. தொப்பியும் போட்டுவிடுங்க.” ஆஷா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் பிள்ளை விழித்தது.

அடுத்த மாதம் சகாயராஜுக்கும் நாச்சிமுத்துவுக்கும் ஆஸ்பத்திரியில் சதையை எடுத்தார்கள். சகாயராஜின் பார்வைக்குச் சேதமில்லை. நாச்சிமுத்துவின் இடது கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. அதில் இனி பனிமூட்டம்தான் என்றார்கள்.

கட்டுப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் நாச்சிமுத்து சகாயராஜின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கையைப் பற்றினார்.

“பஸ் டிரைவருங்க, கட்டட வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க... எத்தனை பேருக்கு வித்திருப்பேன்னு தெரியலீங்களே சாமி.”

சகாயராஜ் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.