அவளிடம் மிஞ்சிய ஸ்தோத்திரம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது வேலை நேரத்தில். ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே சூடு ஆறாத துணிக் குவியலின் மேல் சாய்ந்துவிட்டாள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மொத்தமும் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் உதடு அசைந்தது. மெக்கானிக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம்" என்றாள். தெளிவாக, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "என்னம்மா, என்னைத் தெரியுதா?"

"ஸ்தோத்திரம்."

"பொண்ணுக்குப் போன் போடட்டுமா?"

"ஸ்தோத்திரம்."

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

கல்யாணமான நாள் முதல் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி ஆண்டவரைத் துதிப்பவள் அவள். நேற்று தூங்கியதற்கு, இன்று விழித்ததற்கு, குழாயில் தண்ணீர் வந்ததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம். சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ஸ்தோத்திரம் அக்கா' என்றே பெயர். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர். அவள் துதிக்கும்போது தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, "கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்கும், மெதுவா சொல்லேன்" என்று முணுமுணுப்பார்.

செய்தி கேட்டு ஓடி வந்த பாஸ்டர் கட்டிலருகே நின்று கண் கலங்கினார். "பாத்தீங்களா பிரதர்! எல்லாம் போச்சு, துதி மட்டும் போகல. இதைவிடப் பெரிய சாட்சி வேற என்ன வேணும்?"

மெக்கானிக்குக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் வேறு மாதிரி சொன்னாள்.

"சார், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை இது. யோசிச்சுப் பேசுற பேச்சு போனாலும் இப்படிப் பழகினது சிலருக்குத் தப்பிச்சுடும். சிலருக்கு எண்ணிக்கை, சிலருக்குக் கெட்ட வார்த்தை. அதனால அவங்க ஸ்தோத்திரம்னு சொன்னா, அதைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுக்காதீங்க."

"அப்போ என்ன சொல்றாங்க மேடம்?"

"அது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. தண்ணீருக்கும் ஸ்தோத்திரம், ஜன்னலைச் சாத்தவும் ஸ்தோத்திரம், கால் மரத்துப்போனாலும் ஸ்தோத்திரம். தலையை ஆட்டினால் ஆமாவும் இல்லையும் மாறிப் போயின. நின்றுபோன லிஃப்ட்டில் எந்த ஒயர் விட்டுப்போனது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர், சொந்தப் பெண்டாட்டியின் ஒரே சொல்லில் தடுமாறினார். ஒருநாள் மூன்று முறை தப்பான பொருளைக் கொண்டுவந்து நீட்டியதும், அவள் இடது கையால் டம்ளரை வீசி அடித்து, "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள்.

"இப்போ திட்டினது என்னையா, அவரையா?" என்று மேலே கையைக் காட்டினார். அவளுக்குப் பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதாள்.

ஒரு மாதம் கழித்து, அவளைச் சபைக்கு அழைத்து வரும்படி பாஸ்டர் கேட்டார். "போகலாமா?" என்றார் மெக்கானிக். "ஸ்தோத்திரம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சக்கர நாற்காலியை மேடைக்குக் கீழே நிறுத்தி, பாஸ்டர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். கூட்டம் மூச்சடக்கிக் காத்திருந்தது. அவள் எல்லோரையும் பார்த்தாள்.

"ஸ்தோத்திரம்."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. மறுபடி சொன்னாள். மறுபடியும், இன்னும் வேகமாக. அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஆட்கள் எழுந்து நின்று கைகளை உயர்த்தி அல்லேலூயா என்றார்கள். மெக்கானிக்கும் கையை உயர்த்தினார். அப்போதுதான் தன் சட்டை நுனியை அவள் பிடித்து இழுப்பதைக் கவனித்தார். முழங்கால்களை நெருக்கி வைத்திருந்தாள்.

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நடைபாதை வழியே ஓடினார். கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் சேலை நனைந்துவிட்டது.

பின்னாலேயே வந்த பாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். "என்ன பிரதர், பாதியிலேயே கிளம்பிட்டீங்க?"

"அவளுக்கு பாத்ரூம் போகணும்னு சொன்னா பாஸ்டர்."

"எப்போ சொன்னாங்க?"

"அத்தனை பேர் முன்னாடியும் சொன்னாளே. மைக்லதான் சொன்னா."

பாஸ்டர் கையில் இன்னும் இருந்த மைக்கை அணைத்தார். பிறகு, "மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து வழக்கமான பதில் வந்தது. அது மன்னிப்புதானா என்று கேட்க இருவருக்கும் துணிவில்லை.

அந்த வாரம் மெக்கானிக் வேலையில் இரண்டு தடவை ஸ்பேனரைக் கீழே தவறவிட்டார். இருபத்தாறு வருஷம் இவள் காலையில் சொன்னது துதியா, வெறும் வாய்ப்பழக்கமா? பழக்கம்தான் என்றால், அத்தனையும் ஆண்டவருக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

பயிற்சிக்கு வரும் பெண் அந்த வாரம்தான் ஓர் அட்டை கொடுத்திருந்தாள். இடது பாதியில் பச்சையில் 'ஆமா', வலது பாதியில் சிவப்பில் 'இல்ல'. அதைத் தொட்டுக் காட்டுவதில் மனைவிக்குப் பிசகவில்லை.

மெக்கானிக் அதை அவள் மடியில் வைத்தார். "காலையில சொல்றியே, அது ஆண்டவருக்கா?"

பச்சையைத் தொட்டாள்.

"இல்ல, சும்மா பழக்கத்துல வருதா?"

அதற்கும் பச்சை.

"ரெண்டும் எப்படிம்மா?"

இதில் என்ன குழப்பம் உனக்கு என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"சரி, டம்ளரை வீசினியே, அன்னைக்கு சொன்னது?"

விரல் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நெடுநேரம் நின்றது. கடைசியில் உள்ளங்கையை விரித்து இரண்டையும் சேர்த்து மூடினாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் குரல் கேட்டதும் அவர் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கென்று சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. சொல்லிப் பார்ப்போம் என்று அவரே தொடங்கினார்.

"ராத்திரி நல்லா தூங்கினதுக்கு?"

சிவப்பு. அவள் தூங்கவில்லை.

"நேத்து நான் சமைச்சதுக்கு?"

சிவப்பு. சந்தேகமே இல்லாமல்.

"பொண்ணு போன் பண்ணினதுக்கு?"

"ஸ்தோத்திரம்."

அவருக்கும் அது வாயில் வந்தது. கூச்சத்தோடு, "ஸ்தோத்திரம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் உன்கூட இருக்கிறதுக்கு?" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அட்டையைத் தொடவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள்.

அது துதியா, தாகமா என்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். அடுத்ததைச் சொல் என்று கையை அசைத்தாள்.

அன்று அவர் வேலைக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனார். மறுநாளும் அப்படித்தான்.