மில்லிமீட்டர் மாமா தைத்த குவில்ட்

தங்கை மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பப் பதினெட்டு நாள் இருக்கும்போது மில்லிமீட்டர் மாமா குடும்பக் குழுவில் ஓர் அறிவிப்பு போட்டார். அந்தக் குழுவில் மற்றவர்கள் காலை வணக்கமும் பூனை வீடியோவும் போடுவார்கள். மாமா போடுவது எப்போதும் அறிவிப்புதான். 'பொருள்: மருமகளுக்கு மாடர்ன் குவில்ட் தயாரித்தல்' என்று தலைப்பு. கீழே மூன்று பத்தி. 'குவில்ட்னா என்ன?' என்று ஒரு சித்தி கேட்டதற்கு, 'பஞ்சு வெச்ச போர்வை' என்று மாமாவின் மனைவி பதில் போட்டுவிட்டாள். மாமா அந்தப் பதிலை நீக்கச் சொல்லிப் பார்த்தார். அவள் நீக்கவில்லை.

மாமா இருபத்தாறு வருடமாக நில அளவையர். துக்கம் கேட்கப் போன வீட்டில், இறந்தவரின் படம் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, நேராக்கிவிட்டு வந்தவர். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இது. அவருக்கு அது பட்டம் மாதிரி. யாரும் கிண்டலுக்குச் சொல்வதாக அவர் நினைத்ததே இல்லை.

குவில்ட் யோசனை வந்ததற்குக் காரணம் அறிவிப்பில் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டுச் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவர் கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டலில் மேல் கட்டில்தான் கிடைத்திருக்கிறதாம், பக்கத்தில் ஒரு பலகைகூட இல்லையாம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் வைக்க இடம் கிடையாதாம். பெட்டியும் ஒன்றுக்கு மேல் கூடாதாம். அப்போதுதான் அம்மா, மாமா கொடுத்ததெல்லாம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள்.

"அது இங்கயே இருக்கட்டும்மா. அதெல்லாம் மாமாவுக்குப் பிடிச்சது."

சுவர் அகல வரைபடம், காம்பஸ் பெட்டி, போன பிறந்தநாளுக்கு மழைமானி. மாமா தண்ணீர் குடிக்காமலே திரும்பினார். ஆறு வயதில் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடிய பிள்ளை அது. பதினாறில் அவர் என்ன கேட்டாலும் 'ம்' என்கிறது. பெட்டியில் தன் பொருள் ஒன்றாவது போக வேண்டும் என்பது அவருக்கு அன்றே முடிவாகிவிட்டது. கட்டிலும் கண்ணாடியும் காதில் விழுந்தன; ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு இல்லை என்பதால் உள்ளே இறங்கவில்லை.

முதல் வேலையாக இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை மருமகளுக்கு அனுப்பினார். இருபத்திரண்டுக்கும் சேர்த்து 'எதுனாலும் ஓகே மாமா' என்று ஒரே வரி வந்தது. வடிவமைப்பாளருக்கு முழுச் சுதந்திரம் தரப்பட்டிருப்பதாக அவர் குழுவில் அறிவித்தார்.

பிறகு கிராஃப் தாள் வந்தது. ஓரத்தில் கட்டம் போட்டு, 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்', 'ஒப்புதல்' என்று மூன்று இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். ஏழாவது திருத்தத்தில் குவில்ட் உறுதியானது. முழுக்கச் சாம்பல் நிறம். இடது பக்கமாக ஒரே ஒரு ஆரஞ்சுப் பட்டை. அவ்வளவுதான்.

"மிச்ச இடத்துல என்ன வரும்?" என்று கேட்டாள் மனைவி. கடைத்தெருவில் ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். ஒரு நாளில் முப்பது பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பவள்.

"ஒண்ணும் வராது. அதுதான் மாடர்ன். வெற்றிடம் பேசும்."

"நம்ம வீட்ல அதாவது பேசட்டும்."

தையல் அவளுடைய பழைய மெஷினில், சாப்பாட்டு மேசை மேல் நடந்தது. மேல்துணி, பஞ்சு, ஃப்ளானல் அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நீளவாக்கில் இருபத்தேழு நேர்கோடுகள். நாலு கோட்டுக்கு ஒருமுறை திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் மனைவி. "அளந்து செய்யறவன் திருப்பிப் பாக்க மாட்டான்," என்றார் மாமா. அவள் கடைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம். மடியில் பாதிப் போர்வை, தோளில் மீதி. மாமா அடுப்பில் வைத்த மாதிரி வெந்தார். பத்தாவது கோடு முடிந்ததும் சட்டையைக் கழற்றினார். நீலக் கோடு போட்ட சட்டை. குடும்பப் போட்டோ எதை எடுத்தாலும் மாமாவோடு அதுவும் இருக்கும். நாற்காலியில் போட்டால் கசங்கும் என்று, மெஷினுக்குப் பின்னால் மேசைமேல் குப்புறப் போட்டு, சுருக்கமில்லாமல் விரித்து வைத்தார். பனியனோடு பதினொன்றாவது கோட்டைத் தொடங்கினார். நடுவில் மெஷின் கொஞ்சம் முனகியது. பழைய மெஷின், வேகம் தாங்கவில்லை என்று அதன்மேல் பழி போட்டுவிட்டுத் தொடர்ந்து தைத்தார்.

சாயங்காலம் இருபத்தேழும் முடிந்தது. மனைவி வந்த பிறகுதான் தூக்கிக் காட்டினார். சாம்பல் நிறம் வழுவழுவென்று விரிந்தது. கோடுகள் ரயில் தண்டவாளம் மாதிரி நேர். அவள் அதைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தாள்.

"என்னங்க, யாரோ தொங்கறாங்க."

ஃப்ளானலின் பொசுபொசுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த சட்டையைப் பதினொன்றாவது கோடு பிடித்திருந்தது. அடுத்த நான்கும் விடவில்லை. காலர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று சட்டை குவில்ட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

பிரித்துவிடலாம் என்றார் மாமா. இந்தத் துணியில் ஊசி ஓட்டை மூடாது, சல்லடை மாதிரித் தெரியும் என்றாள் அவள். புதிதாகத் தைக்க நாளில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளை கிளம்புகிறாள். மாமா உட்கார்ந்துவிட்டார். அளவு டேப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அவள் கத்தரியை எடுத்தாள். காலர் போனது, கைகள் போயின, பொத்தான் வரிசை போனது. தையலுக்குள் மாட்டிய மார்புப் பகுதி மட்டும் மிஞ்சியது. அதில் பேனா மை கசிந்த சட்டைப்பை. ஓரத்தை மடித்துத் தைத்து முடித்தவள் இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

"பின்பக்கம்தானே, யார் பாக்கப்போறா," என்றார் மாமா. குரலில் நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டு ஹாலில் பெட்டி திறந்து கிடந்தது. சாம்பல் பக்கம் மட்டும் தெரியும்படி மடித்துக் கொடுத்த மாமா, யாரும் பிரிப்பதற்குள் உரையைத் தொடங்கினார். வெற்றிடம், சமநிலை, ஏழு திருத்தங்கள். மருமகள் 'ம்' என்றாள். பட்டையின் கோணத்துக்கு ஒரு 'ம்'. பெட்டியை ஒருமுறை பார்த்தாள். அதில் ஒரு போர்வைக்குத்தான் இடம் இருந்தது, ஏற்கெனவே ஒன்று உள்ளே இருந்தது. கனம் பார்ப்பதற்காகத் தூக்கினாள். போர்வை அவிழ்ந்து புரண்டது.

அவள் குனிந்தாள். நீலக் கோடுகளை விரலால் தொட்டாள். பைக்குள் விரல் விட்டுத் துண்டுப் பென்சில் ஒன்றை எடுத்தாள்.

"மாமா, இது உங்க சட்டைல்ல? இதுவும் பிளான்ல இருந்துச்சா?"

மாமாவுக்குப் பதில் தயாராக இருந்தது. அடிப்பக்கச் சேமிப்பு வசதி என்று பெயர்கூட வைத்திருந்தார். கூட வந்திருந்த மனைவி அவரைக் காட்டிக்கொடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இல்ல கண்ணு," என்றார். "தப்பு. சேத்துத் தெச்சுட்டேன். கழட்ட முடியல."

மருமகள் சிரித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பனியனோடா தைத்தீர்கள் என்று கேட்டாள், எந்தக் கோட்டில் மாட்டியது, அத்தை என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். 'யாரோ தொங்கறாங்க' என்பதைக் கேட்டு மறுபடியும் சிரித்தாள். இரண்டு தையல் பையின் மேலே போனதில் பை மூன்று அறையாகப் பிரிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு காலை நடு அறையில் விட்டுப் பார்த்தாள். நின்றது. பென்சிலைப் பக்கத்து அறையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல், பெட்டியிலிருந்த போர்வையை வெளியே எடுத்துப் போட்டாள்.

புதன்கிழமை குழுவில் ஒரு படம் வந்தது. மேல் கட்டில். ஏழு திருத்தம் கண்ட சாம்பல் பக்கம் மெத்தையோடு மெத்தையாகக் கிடக்க, நீலக்கோட்டுச் சட்டை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பையில் கண்ணாடி தொங்கியது. கீழே ஒரு வரி: 'பாக்கெட் எட்டு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு மாமா. அளந்துட்டேன். அப்படியே இருக்கட்டும்.'

மாமா மூன்று பத்தி தட்டினார். படித்தார். ஒவ்வொரு பத்தியாக அழித்தார். கடைசியில் அனுப்பியது ஓர் எழுத்துதான்.

'ம்.'