நேமிராஜ் ஐயா பதில் போடவில்லை

புகழேந்தி சார் சென்னையில் பதிப்பகம் வைத்திருக்கிறார். வாராவாரம் நான் மெயிலில் எழுதி அனுப்பும் கடிதங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் பிடிப்பது வேறு, விற்பது வேறு. "ஆயிரம் சந்தாதாரர் காட்டுங்க சூர்யகலா, புத்தகம் போட்டுடலாம்" என்றார். பெயர் தெரியாத எழுத்தாளருக்கு இப்போதெல்லாம் இதுதான் ஜாதகம். பொருத்தம் இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

நான் விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது திண்டிவனத்தில், பிறந்தது மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். ஞாயிறு காலையில் உட்கார்ந்து குப்பத்தைப் பற்றி, வலையைப் பற்றி, மீன் ஏலத்தில் அம்மா போடும் சண்டையைப் பற்றி எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் மெயிலில் அனுப்புவேன். இரண்டு வருடத்தில் நூற்றைம்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள். தவறாமல் பதில் போடுகிறவர் ஒரே ஒருவர், நேமிராஜ் ஐயா.

அவர் செஞ்சிப் பக்கத்து நயினார். எங்கள் மாவட்டத்தில் தமிழ்ச் சமணர்களை அப்படித்தான் சொல்வோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். தலைமுறை தலைமுறையாக மீன் வாசமே படாத வீடு. அந்த மனுஷன்தான் என் சுறாப்புட்டையும் சங்கரா மீனையும் விடாமல் படித்தார். மதியத்துக்குள் பதில் வந்துவிடும். "மீனை விட்டுவிட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. முதலில் காற்று தெற்கே இருந்து வருகிறது, முடிவில் வடக்கே இருந்து வருகிறது. எது சரி?" படித்ததும் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் சொன்னபடி திருத்துவேன்.

ஆயிரம் சந்தாதாரர் கதையைக் கேட்டதும் தம்பி பிரேம்குமார் சிரித்தான். அவன் மரக்காணத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

"இதுக்காக்கா பேஜாராயிக்கினு இருக்கே? நம்ம கடையில போன் வாங்கினவங்களுக்கெல்லாம் மெயில் ஐடி போட்டுக் குடுத்தது யாரு? நான்தான். பாஸ்வேர்டு கூட எங்கிட்டதான் இருக்குது. அத்தனையும் உன் லிஸ்ட்டுல சேத்துடறேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். புதுப் போன் வாங்கினால் கடைக்காரரே மெயில் ஐடி போட்டு, பாஸ்வேர்டையும் அவரே வைத்துக்கொள்வார். தனக்கு அப்படி ஒன்று இருப்பது வாங்கினவருக்கே தெரியாது. கடலுக்குப் போகிறவர் மெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?

எனக்குப் புத்தகம் வேண்டும். அட்டையில் என் பெயர் வேண்டும். "ஜல்தியா பண்ணுடா" என்றேன்.

ஒரே வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. ஒப்பந்தம் அனுப்புகிறேன் என்றார் புகழேந்தி சார். ஏலத்தில் மீன் எடுக்க வந்த வியாபாரிகளிடம்கூட அம்மா என் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நேமிராஜ் ஐயாவிடமிருந்து பதில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நச்சரிப்பு ஓய்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் போனதும் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றியது. எழுபதைத் தாண்டியவர். போன் நம்பரும் தெரியாது. "மல்லாட்டை பிடுங்கும்போது வாங்க" என்று ஒரு தடவை ஊர் பெயர் எழுதியிருந்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு வாடை மூக்கில் ஏறியது.

"பையில என்னடா?"

"நெத்திலிக் கருவாடுக்கா. பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். நயினார் வீட்டுக்குக் கருவாடு! அதுவும் ஒருவேளை துக்கம் விசாரிக்க. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கையில் பையைக் கொடுத்துவிட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டோம்.

ஐயா உயிரோடுதான் இருந்தார். வாசலில் மல்லாட்டையைக் காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார், ஆனால் சிரிக்கவில்லை. அவர் மனைவி தர்மதேவி அம்மா தண்ணீர் கொடுத்து, "பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடுங்க, அப்புறம் எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்" என்று உள்ளே போனார்.

"ஏம்மா எழுதறத நிறுத்திட்டீங்க?" என்றார் ஐயா.

"நான் நிறுத்தலீங்களே. நீங்கதான் பதில் போடல."

"வந்தாதானே போடறது? தப்பு தப்புன்னு நான் சொல்லிக்கினே இருந்ததுல உங்களுக்கு மனசு விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். எங்கள்ல வருஷத்துக்கு ஒருநாள் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேப்போம். இந்த வருஷம் உங்க பேரையும் சொல்லித்தாம்மா கேட்டேன்."

"ஒவ்வொரு ஞாயிறும் அனுப்பிக்கினுதாங்க இருக்கேன்" என்றேன்.

பிரேம்குமார் அவர் போனை வாங்கித் துழாவினான். என் கடிதங்கள் ஸ்பாமில் கிடந்தன, லாட்டரி விளம்பரங்களுக்கு நடுவே. அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஆயிரம் பேருக்குப் போவுது, ஒருத்தனும் தொறக்கல. அப்ப இது குப்பைன்னு மெயில்காரன் முடிவு பண்ணிட்டான்க்கா. இனிமே யாருக்குப் போட்டாலும் குப்பையிலதான் தள்ளுவான்."

யாருக்குப் போட்டாலும் என்றால், என் நூற்றைம்பது பேருக்கும்தான். இரண்டு மாதமாக நான் யாருக்குமே எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

ஐயா போனைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அங்கேயே முதல் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நான் நிற்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

"நீ சேர்த்ததையெல்லாம் எடுத்துடு" என்றேன் தம்பியிடம்.

"புத்தகம்க்கா?"

"எடுடா."

சாப்பிட்டுத் திரும்பும்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று புகழேந்தி சாருக்குப் போன் போட்டேன். "அந்த ஆயிரம் பேர் நிஜம் இல்லீங்க சார். நூத்தைம்பதுதான்."

"சொல்லாம இருந்திருக்கலாமே. நான் என்ன வீடு வீடாப் போயி பாக்கப் போறேனா?" என்றார். பிறகு, "சொல்லிட்டீங்க, இனி நான் போட முடியாது. நிஜமா ஆயிரம் வந்ததும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

கூட்டத்துக்கு நடுவே நின்று அழுதேன். புத்தகத்துக்காகத்தான் அழுதேன், பொய் சொல்வானேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பிரேம்குமார் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். திண்டிவனம் பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மறுநாள் ஞாயிறு. கடிதத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.