பாதி மாத்திரை

அக்காக்காரி செய்த வேலையை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் தம்பி சோபாவிலேயே தூங்கி விழுந்து எச்சில் வடித்தான். மருந்து அப்படி. ஆனால் அவன் காதில் விடாமல் திட்டிக்கொண்டிருந்த குரல்களை வாயடைக்க வைத்ததும் அதே மருந்துதான். அதெல்லாம் அவளுக்கு அப்போது நினைவில் இல்லை. மானம் கப்பலேறிவிட்டது என்பதுதான் கவலை. மறுநாளிலிருந்து மாத்திரையைக் கத்தியால் வெட்டிப் பாதியைத்தான் கொடுத்தாள்.

“மீதி எங்கக்கா?”

“டாக்டர்தாண்டா குறைச்சிருக்கார்.”

நம்பினான். அவள் கொடுத்தால் கல்லையும் விழுங்குவான். கொஞ்ச நாள் தெளிவாகத்தான் இருந்தான். கல்யாண வாசலில் நின்று வந்தவர்களை வாய் நிறைய வரவேற்றான். அந்தக் கூத்து முடிவதற்குள் குரல்கள் திரும்பிவிட்டன. பயந்துபோய் மனநல மருத்துவரிடம் இழுத்து வந்தாள்.

“நல்லா கேட்டுட்டிருந்த மருந்து. அளவையும் நான் குறைக்கவே இல்ல. திடீர்னு ஏன் கேட்காம போச்சு? ஒழுங்கா போடறாரா?” என்றார் டாக்டர்.

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள்தான் மறைப்பது?

“நான்தான் டாக்டர், பாதியைத் துப்பிடுவேன்,” என்றான் அவன்.

“அப்படின்னா மாசாமாசம் ஊசிதான். துப்ப முடியாது பாருங்க.” டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “பாவம்மா நீங்க. எவ்வளவுதான் பார்ப்பீங்க.”

அந்த மகராசி தலையை ஆட்டினாள். ஆமாம், ஆட்டினாள்.

ஊசி என்றால் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும். ஊசி அறையில் ஒரு கையை நர்ஸிடம் நீட்டிவிட்டு, மறு கையால் அக்காவின் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“மாத்திரைய முழுங்கியிருந்தா இது தேவையா?” என்றாள் நர்ஸ்.

“இனிமே துப்ப மாட்டேன் சிஸ்டர்.”

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “அவன் துப்பலம்மா. நான்தான் பாதி கொடுத்தேன்,” என்றாள். குரல் பாதிதான் வந்தது.

தம்பி சிரிக்கப் பார்த்தான். “அக்கா அப்படித்தான் சிஸ்டர். என்னை யார்கிட்டயும் விட்டுக்கொடுக்காது.”

“கொடுத்து வச்சவர் நீங்க,” என்று நர்ஸ் பஞ்சால் அவன் தோளைத் துடைத்தாள்.

இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊசி இறங்கியது.