காற்றுக்கு விட்ட ஓரம்

ரோவீனா டில்மன் விண்கலத்துக்குச் சட்டை தைப்பவள். சிரிக்காதீர்கள், மேரிலாந்தில் அந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு, அடையாள அட்டையும் உண்டு. வெயில் பக்கம் வெந்துபோகாமலும் நிழல் பக்கம் விறைத்துப்போகாமலும் இருக்கக் கலத்துக்கு உடம்பு முழுக்கப் போர்வை வேண்டும். மின்னுகிற மெல்லிய தாள், அதன்மேல் வலைத்துணி, மறுபடி தாள் என்று பதினைந்து அடுக்கு. அதைத் தைக்கக் கை பழகியிருக்கவேண்டும். ரோவீனாவின் கை பால்டிமோரில் பத்தொன்பது வருஷம் கல்யாண கவுன் தைத்துப் பழகிய கை.

இந்த முறை கடலையும் காற்றையும் பார்க்கப் போகிற கலம். கடல் தண்ணீரின் நிறத்தை வைத்தே அதில் என்ன உயிர் முளைக்கிறது என்று சொல்லிவிடும் பெரிய கண் ஒன்று அதில் இருந்தது. மேகத்தையும் தூசியையும் அளக்க வேறு இரண்டு. பெரிய கண்ணைச் சுற்றிய போர்வை கடைசி வாரத்தில் கிழிந்து தொலைய, ரோவீனா ஒரே நாளில் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். பொருத்தியதும் தரம் பார்க்கிற கிளைட் பாஸ்கம் கைவிளக்கோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மிஸ் ரோவீனா, இதென்ன போர்வையா, மணப்பொண்ணா? ஒரு பிசிறு தெரியலியே!"

"என் கையில வந்த எதுவும் பிசிறோட வெளிய போனதில்ல. வாயப் பொளக்காம கையெழுத்தப் போடு."

போட்டான். இந்த வேலைக்கு வந்த பத்து வருஷத்தில் அவள் பேரில் ஒரு குறைத்தாள்கூட, அதாவது வேலையில் தப்பு கண்டால் எழுதி வைக்கிற தாள், எழுதப்பட்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு, இருந்தால்தான் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை கலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு லாரி, ராக்கெட் ஏவுகிற ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்த ரோவீனா, பாடகர் குழுவின் நாற்காலிக்கு மழைக்கோட்டுத் துணியில் ஒரு மெத்தை தைத்தாள். நான்கு ஓரத்தையும் மடித்து அடித்து, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அதன்மேல் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த காற்றுக்குப் போக வழியில்லை. மெத்தை உப்பி, ஒரு பக்கத் தையல் பட்டென்று தெறித்தது.

கலத்தின் போர்வை ஞாபகம் வர, அவள் துள்ளி எழுந்தாள்.

போர்வையின் அடுக்குகளுக்குள்ளும் காற்று இருக்கிறது. ராக்கெட் மேலே ஏற ஏற வெளிக்காற்று இல்லாமல் போகும், உள்காற்று வெளியே ஓடியாக வேண்டும். அதற்காகவே ஒரு ஓரத்தைத் தைக்காமல் திறந்து விடுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் மனசே இல்லாமல்தான் அவள் அதை விடுவாள். இந்த முறை அவசரத்தில் கை பழைய கைதானே, கவுனுக்கு அடிப்பது போல அந்த ஓரத்தையும் மடித்து அழகாக அடித்துவிட்டிருந்தது. போர்வை உப்பினால் பெரிய கண்ணின் பார்வையில் வந்து நிற்கும். கடலைப் பார்க்கப் போனது தன் போர்வையையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மேலே ஏறிப்போய் எவன் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கப்போகிறான்? அப்படியும் ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு கிளைடுக்குப் போன் போட்டாள்.

திங்கள் காலை ஆறரைக்குத் திட்டத் தலைவி ஹன்னா ஓஸ்டர்ஹவுஸின் மேஜைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். விஷயத்தைக் கேட்ட ஹன்னாவின் முகம் வெளுத்தது.

"தாளெல்லாம் ஊசித்துளை போட்டதுதானே? அது வழியா காத்து போயிடாதா?"

"போகும்மா, மெதுவா போகும். ராக்கெட் மெதுவாவா போகுது?"

"பெட்டியத் தொறந்தா ரெண்டு நாள் போச்சு, மிஸ் ரோவீனா. ஃப்ளோரிடாவுல எல்லாரும் என்னைப் பிச்சித் தின்னுருவாங்க. நிச்சயமா சொல்றீங்களா?"

"தச்சது நான். எனக்குத் தெரியாதா?"

கிளைட் தொண்டையைச் செருமினான். "பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். மணப்பொண்ணுன்னு வேற சொல்லிவச்சேன்."

ஹன்னா போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னாள்.

"பிரிக்கறதுக்கு வேற ஆள் போடாதீங்க" என்றாள் ரோவீனா. "என் தையல், நானே பிரிச்சிடறேன்."

"வேற ஆளா? வேற யாரத் தொட விடுவேன் நான்?"

மறுநாள் தூசியில்லா அறையில், கண் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கியில் ரோவீனா குனிந்து நின்றாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாற்பது பேர். அத்தனை பேர் பார்க்கத் தன் தப்பைத் தானே அவிழ்ப்பதென்றால் லேசா? காது சுட்டது. ஆனாலும் ஒரு துணுக்கு நூல்கூடக் கலத்தின்மேல் விழாமல் முப்பத்தியொரு தையலையும் பிரித்தெடுத்தாள். அடுக்குகள் பிளந்து, ஓரம் பல்லை இளித்தது.

கிளைட் விளக்கை அடித்தான். "பாக்கச் சகிக்கல, மிஸ் ரோவீனா."

"அப்படித்தான் இருக்கணும். எழுது."

குறைத்தாளில் செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். கண்டுபிடித்தவர் என்ற இடத்திலும் அவள் பெயர். இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டாள், முதலாவதுக்குக் கொஞ்சம் சின்னதாக.

கலம் இரண்டு நாள் தாமதமாக ஃப்ளோரிடா போய், ஒரு குறையும் இல்லாமல் மேலே ஏறியது. ஆறு வாரம் கழித்து முதல் படம் வந்த அன்று பெரிய அறை நிறைந்து வழிந்தது. திரையில் செசபீக் விரிகுடாவின் வாய், அதற்கு வெளியே கடலில் பச்சைப் பச்சையாகச் சுழித்துப் பரவிய உயிர். விஞ்ஞானிகள் குதித்தார்கள், கட்டிக்கொண்டார்கள்.

ரோவீனா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். படத்தின் ஓரமாகவே விரலை வைத்து மேலும் கீழும் தேடினாள்.

"மேடம், கடல் நடுவுல இருக்கு. அங்க என்ன தேடறீங்க?" என்றான் ஒரு புது விஞ்ஞானி.

"நடுவ நீங்க பாருங்க தம்பி."

ஒரு நிழல் இல்லை. ஒரு மங்கல் இல்லை. விளிம்பு வரைக்கும் கடல் பளிச்சென்று இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி திரும்பிச் சொன்னாள்:

"அந்த ஓரத்த அசிங்கமா விட்டது நான்தான்!"

விஷயம் தெரியாதவர்கள் விழித்தார்கள். தெரிந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.